வயிற்றுப் பிள்ளையோடு தீவுக்குப் போவோர்க்கு: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

சேர்வராயன் மலையின் உட்கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிள்ளைப்பேறு என்றதும் வலிக்கு முன்பே தூரம்தான் நினைவுக்கு வரும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளை மழையிலோ மூடுபனியிலோ இறங்கிவர ஒரு மணி நேரம் ஆகிவிடும். உட்கிராமத்துப் பெண் என்றால் அதற்கு முன் ஏற்காட்டுக்கே வந்து சேர்ந்தாக வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பெண்ணை மலையிலிருந்து இறக்கி, சேலத்து உறவினர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, 22ஆவது வாரத்தில், கணவருடன் அந்தமானுக்குப் போய்வந்தேன். அங்கே படகுத் துறையில் காத்திருந்தபோதுதான் தீவும் ஒரு மலைக்கிராமம் என்பது எனக்கு உறைத்தது. சாலைக்குப் பதிலாகக் கடல் இருக்கிறது, வண்டிக்குப் பதிலாகப் படகு இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் அந்தப் படகும் நின்றுவிடுகிறது.

கர்ப்பிணிகளின் தீவுப் பயணத்தைப் பற்றி எவர் கேட்டாலும் நான் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கடலும் விமானமும் வெயிலும் தம்மளவில் பெரிய ஆபத்துகள் அல்ல. நலமாக இருக்கும் கர்ப்பிணி, உரிய வாரத்தில், உரிய முன்னேற்பாட்டுடன் போய்வரலாம் என்பதே மகப்பேறு மருத்துவத்தின் பொதுவான கருத்து. ஆனால் தங்கும் அறையிலிருந்து, மகப்பேறு மருத்துவரும் அறுவை அரங்கும் இரத்த வங்கியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நள்ளிரவில் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதை அறியாமல் எந்தத் தீவுக்கும் சீட்டு எடுக்கக் கூடாது.

எந்த வாரத்தில் போகலாம்

நம் வீடுகளில் மாதக் கணக்குதான் வழக்கம். ‘அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது’ என்போம். மருத்துவரும் விமான நிறுவனமும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரக் கணக்காகவே எண்ணுவதால், வீட்டுக் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் இரண்டு மூன்று வாரங்கள் வேறுபடுவது உண்டு. எனவே பயணத் திட்டத்தை வாரங்களில் எழுதுங்கள். முக்கியமாக, புறப்படும் நாளில் எத்தனையாவது வாரம் என்பதோடு திரும்பும் நாளில் எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலரும் தவறவிடுவது இரண்டாவதைத்தான்.

பொதுவாக 14ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரை பயணத்துக்கு ஏற்ற காலம் என்பார்கள். மசக்கை தணிந்திருக்கும், கருச்சிதைவின் அபாயம் குறைந்திருக்கும், வயிறு இன்னும் நடையைத் தடுக்காது. என் எண்ணத்தில் அதற்குள்ளும் 20 முதல் 24 வாரங்கள்வரையே மிக நல்ல சமயம். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, கருப்பை வாய் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு போவது, வண்டியின் பிரேக்கைச் சோதித்துவிட்டு மலையிறங்குவதைப் போன்றது. ஏழாம் மாத வளைகாப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் 28 வாரம் ஆகிவிடும். சர்க்கரைப் பரிசோதனையும் இரத்த அழுத்தக் கண்காணிப்பும் நெருக்கமாக நடக்க வேண்டிய கட்டம் அது.

முதல் மூன்று மாதங்களில் போயே தீர வேண்டும் என்றால், கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேனில் உறுதி செய்யாமல் புறப்படவே கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டும். அப்போது மணிக் கணக்கு இல்லை, நிமிடக் கணக்குதான்.

சிலர் எந்த வாரத்திலும் போகாமல் இருப்பதே நல்லது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், இரத்தப்போக்கு கண்டவர்கள், இரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்கள், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் ‘வேண்டாம்’ என்றால், இன்னொரு மருத்துவரிடம் போய் ‘போகலாம்’ என்ற பதிலை வாங்க முயல வேண்டாம். இரட்டைப் பிள்ளை என்றால் எல்லா வரம்புகளும் சில வாரங்கள் முன்னதாகவே வந்துவிடும்.

எந்தத் தீவு

சேலத்துத் தம்பதியர் பெரும்பாலும் யோசிப்பவை இலங்கை, மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு, பாலி, மொரீசியஸ் ஆகியவை. விளம்பரப் படங்களில் எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே தென்னைமரம். கர்ப்பிணியின் கண்ணால் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்கள்.

முதல் பிள்ளைக்கு என் தேர்வு இலங்கைதான். அது பெரிய தீவு. கடற்கரையிலிருந்து மருத்துவமனைக்குச் சாலையிலேயே போகலாம், படகு தேவையில்லை. கொழும்பில் 1879ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையும், காசல் வீதி மகளிர் மருத்துவமனையும் இந்தத் துறைக்கென்றே இருப்பவை. 1990 என்ற எண்ணை அழைத்தால் ‘சுவசெரிய’ என்னும் இலவச ஆம்புலன்ஸ் வரும். இந்திய அரசின் நிதியுதவியுடன் 2016இல் தொடங்கிய சேவை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றில் எங்கே, எப்படி வலிக்கிறது என்பதைத் தமிழிலேயே சொல்ல வாய்ப்பிருக்கிறது. ‘சுருக்கென்று குத்துகிறது’ என்பதற்கும் ‘இழுத்துப் பிடிக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நிய மொழியில் சொல்லத் தடுமாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. தலைநகர் மாலேயில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 1995இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் உல்லாச விடுதிகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்றாக அமைந்தவை. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலத்தீவுதான் வேண்டும் என்றால், மாலே விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்துக்குள் இருக்கும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள். தொலைவில் உள்ள தீவில் அறை மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவை நள்ளிரவுக் கணக்கோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தமானில் நம்பகமான பெரிய மருத்துவமனை ஜி.பி. பந்த் மருத்துவமனை. அது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இருக்கிறது. பயணிகள் அதிகம் போகும் ஹேவ்லாக்கும் நீலும், இன்றைய பெயரில் சுவராஜ் தீவும் ஷாகித் தீவும், அங்கிருந்து படகில் போக வேண்டிய இடங்கள். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்: ஹேவ்லாக்கில் இரண்டு இரவு என்று போனோம், காற்று கூடியதால் படகு நிறுத்தப்பட்டு நான்கு இரவு தங்கினோம். நல்ல வேளையாக உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்புச்சத்து மாத்திரைதான் தீர்ந்துபோனது. எண்ணி எடுத்துப் போன மாத்திரை அட்டையின் கடைசிக் குழியும் காலியாக இருந்ததைப் பார்த்தபோது, தீர்ந்தது இரத்த அழுத்த மாத்திரையாகவோ இன்சுலினாகவோ இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று உடம்பு குளிர்ந்தது. ஆகவே எந்தத் தீவுக்கும் பயண நாள்களைவிட ஐந்து நாள்களுக்கு அதிகமாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். அதைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள். அந்தமானில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை.

லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேண்டும். மருத்துவ வசதியும் குறைவு. அங்கே நெருக்கடியில் சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவருவார்கள் என்ற ஒன்றே போதும், பிள்ளை பிறந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று முடிவு செய்ய. பாலியும் மொரீசியஸும் நெடுந்தூர விமானப் பயணங்கள் என்பதால், கால்களில் இரத்தம் உறையும் அபாயத்தைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேலத்திலிருந்து விமானம் ஏறும் வரை

கொழும்புக்குச் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரமும், போர்ட் பிளேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவும்தான் விமானப் பயணம். நம் கதையில் நீளமானது சாலைப் பயணம். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். பெங்களூரு அருகில் இருப்பதுபோலத் தோன்றினாலும், விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், தொப்பூர் கணவாயைக் கடந்து நகரம் முழுவதையும் தாண்டித்தான் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்ற காலத்தைவிடப் பல மடங்கு கூடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் அது இன்னும் கூடும். விமானத்தில் காலை நீட்டி மடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன் ஆறு மணி நேரம் காரில் மடங்கியே உட்கார்ந்து வருவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எனவே காரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இருக்கைப் பட்டையின் கீழ்ப் பகுதி வயிற்றுக்குக் கீழே தொடைமேல் படியும்படியும், மேல் பகுதி மார்புகளுக்கு நடுவே வரும்படியும் போட வேண்டும். வயிற்றின் குறுக்கே ஒருபோதும் போடக் கூடாது, வயிறு அழுந்துகிறது என்று போடாமலும் விடக் கூடாது. என்னைக் கேட்டால் சென்னைக்கு இரவு ரயிலே சிறந்தது. கால் நீட்டிப் படுக்கலாம், கழிப்பறை அருகில் இருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு என்பதால் முன்பதிவின்போதே அதைக் கேட்டுப் பெறுங்கள். ரயிலில் வந்த அன்றே விமானம் ஏறாமல், சென்னையில் ஒரு நாள் தங்கி ஓய்வெடுத்துப் போவது இன்னும் நல்லது.

விமானத்துக்குள் காற்று மெல்லியதாகிவிடுமே, குழந்தைக்கு மூச்சு முட்டாதா என்று என் அம்மாயி கேட்டார். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் அதிகபட்சமாக 8,000 அடி உயரத்தில் உள்ள காற்றுக்கு ஈடாக வைக்கப்படுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. அதாவது ஏற்காட்டைவிட மெல்லிய காற்றுதான், ஆனால் சில மணி நேரத்துக்கு மட்டும். கருவின் இரத்தம் குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் திறன் கொண்டது என்பதால், நலமான தாய்க்கு இதனால் தீங்கில்லை. கடுமையான இரத்தசோகை, இதயக் கோளாறு, அரிவாள் அணு நோய் (சிக்கிள் செல் என்னும் பரம்பரை இரத்த நோய்) உள்ளவர்களுக்குத்தான் இந்தக் காற்று போதாது. ‘அப்போ நம்ம மலைமேல இருக்கிறவங்களுக்குப் பழக்கம்தான் கண்ணு’ என்று அம்மாயி சமாதானமானார். அது முழுக்கச் சரியில்லை என்றாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நெடும்பயணம் என்றால் மருத்துவரிடம் கேட்டு அழுத்தக் காலுறை அணியுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாளே மெட்டியையும் இறுக்கமான மோதிரங்களையும் கழற்றி வைத்துவிடுங்கள். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் மெட்டியும் என்றால் நமக்கு உயிர். ஆனால் திரும்பும் வழியில் என் கால் வீங்கி, மெட்டி விரலுக்குள் பதிந்து, சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்து போனது. சோப்பு நுரை தடவி, நூலைச் சுற்றி, அரை மணி நேரம் போராடித்தான் கழற்ற முடிந்தது. விமான நிலையத்தில் நாம் நடந்து கடக்கும் உலோகச் சோதனை வாயில் காந்தப்புலத்தால் இயங்குவது. அதில் எக்ஸ்ரே கிடையாது, பயப்பட வேண்டாம்.

விமான நிறுவனங்களின் வரம்பு ஒன்றுக்கொன்று வேறுபடும். பொதுவாக 28 அல்லது 32 வாரத்துக்கு மேல் மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள். 36 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பழைய சான்றிதழ் செல்லாது. பயணத்துக்குச் சில நாள்கள் முன்பு எழுதியதையே ஏற்பார்கள். உங்களுக்கு 22 வாரம்தான் என்றாலும், எதிர்பார்க்கும் பிரசவத் தேதியும் ஒற்றைப் பிள்ளையா இரட்டையா என்பதும் குறித்த கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். வயிற்றைப் பார்த்து வாரத்தை ஊகிக்கும் ஊழியர்களிடம் அந்தக் காகிதம்தான் பேசும்.

கொசு

வெப்பமண்டலத் தீவுகளில் கர்ப்பிணிக்கு மிகப் பெரிய எதிரி கொசு; சுறாவும் புயலும் அதற்கு அப்புறம்தான். டெங்கு, சிக்குன்குனியா, ஜிக்கா ஆகிய மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவில் கொசுவலை கட்டிப் படுத்துவிட்டுப் பகலில் கையில்லாத சட்டையுடன் கடற்கரையில் திரிந்தால் பயனில்லை.

ஜிக்காவினால் தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஐந்தில் நான்கு பேருக்கு அறிகுறியே இருக்காது. ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதித்துத் தலை சிறுத்துப் பிறக்கச் செய்யக்கூடியது. 2016 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இதற்காக அவசரநிலை அறிவித்தது. மாலத்தீவு, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. தொலைதூர நோய் என்று எண்ண வேண்டாம். 2017இல் நமக்கு அருகிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஒருவருக்குக் கண்டறியப்பட்டது. இதற்குத் தடுப்பூசி இல்லை, உடலுறவாலும் பரவும். எனவே போக எண்ணும் தீவில் அந்தச் சமயத்தில் ஜிக்கா பரவிக்கொண்டிருந்தால் போகாதீர்கள். கணவர் தனியே போய்வந்தாலும் பிள்ளை பிறக்கும் வரை ஆணுறை அவசியம்.

சிக்குன்குனியா 2005–06இல் மொரீசியஸுக்குப் பக்கத்திலுள்ள ரீயூனியன் தீவில் பெருவாரியாகப் பரவியபோதுதான், பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் கிருமி இருந்தால் அது குழந்தைக்கும் தொற்றும் என்பது தெளிவாகத் தெரிந்தது. 2025இலும் அந்தத் தீவில் அது மீண்டும் பரவியது. மலேரியா வேறு வகை. அது இரவில் கடிக்கும் கொசுவால் வருவது. மாலத்தீவு 2015இலும் இலங்கை 2016இலும் மலேரியா இல்லாத நாடுகள் என்று அறிவிக்கப்பட்டன. அந்தமான் நிகோபாரில் மலேரியா உண்டு. கர்ப்பிணிக்கு வரும் மலேரியா கருச்சிதைவு வரை கொண்டுபோகும் என்பதால், தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்ஸிசைக்ளினும் பிரைமாக்குவினும் கர்ப்ப காலத்தில் கூடாதவை. பிறருக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து வாங்கிவிடாதீர்கள்.

கொசு விரட்டியில் டீட் என்னும் வேதிப்பொருள் 20 முதல் 30 விழுக்காடு உள்ளதையோ, பிக்காரிடின் உள்ளதையோ வாங்குங்கள். அறிவுறுத்தியபடி பூசினால் இரண்டும் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானவை. வேப்பெண்ணெய் போதும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் தீவுக்கு அதை மட்டும் நம்பிப் போக மாட்டேன். முதலில் வெயில் தடுப்புப் பசையைப் பூசி, அது காய்ந்த பிறகு விரட்டியைப் பூச வேண்டும். கடலில் நனைந்தால் மறுபடி பூச வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். நாங்கள் தங்கிய விடுதியின் தாழ்வாரத்தில், குடித்துவிட்டு எறிந்த இளநீர்க் கூடு ஒன்று மழைநீரோடு கிடந்தது; குனிந்து பார்த்தால் உள்ளே கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. அதைக் கவிழ்த்துக் கொட்டியது, அந்தப் பயணத்தில் நான் செய்த பயனுள்ள வேலைகளில் ஒன்று.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவற்றை நீங்களாகத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

சாப்பாடும் தண்ணீரும்

மூடி முத்திரை உடையாத தண்ணீர் அல்லது கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் குடியுங்கள். ஐஸ் கட்டியும், வெட்டி வைத்த பழமும், பச்சைக் காய்க் கலவையும் வேண்டாம். மாசுபட்ட நீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ என்னும் மஞ்சள் காமாலை மற்றவர்களுக்கு வந்து போவது. கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிக்கு உயிரையே பறிக்கக்கூடியது. வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்தான், பத்துப் பாக்கெட்டையாவது இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

தீவு என்றால் மீன்தான் சாப்பாடு. நன்றாக வெந்த மீன் நல்லது. பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். எனவே சுறா, வாள்மீன், பெரிய கண்ணுள்ள சூரை ஆகியவற்றைத் தவிருங்கள். சுறாப்புட்டு பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று நம் பக்கம் பெயர் பெற்றது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது வேண்டாம். மாலத்தீவுக் காலை உணவில் வரும், நம் மாசிக்கருவாட்டுக்கு மூலமான சிறு சூரையில் பாதரசம் குறைவு; வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடலாம். பவளப்பாறைப் பகுதியில் வாழும் சீலா, களவா போன்ற பெரிய மீன்களில் சிகுவாட்டெரா என்னும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, சுவையிலும் தெரியாது.

விடுதிக் காலை உணவு மேசையில் பப்பாளியைப் பார்த்ததும் மாமியார் முகம் மாறுவது வழக்கம். காயிலும் செங்காயிலும் உள்ள பால், எலிகளின் கருப்பையைச் சுருங்கச் செய்ததாக ஆய்வில் கண்டார்கள். முழுக்கக் கனிந்த பழத்தில் அந்த விளைவு இல்லை. தீவுகளில் பப்பாளிக்காயைக் கறியாகவும் கலவையாகவும் பரிமாறுவதால், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சேலத்து வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று மிதப்பாக இருக்காதீர்கள். நம்முடையது வறண்ட வெயில். வியர்வை உடனே உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கும். தீவில் ஈரப்பதத்தால் வியர்வை உலராது; உடம்பின் சூடு உள்ளேயே தங்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள். நண்பகல் 11 முதல் 4 மணி வரை நிழலில் இருங்கள். வெந்நீர்த் தொட்டியும் நீராவிக் குளியலும் கூடவே கூடாது.

கடலில்

அமைதியான கடலில் இடுப்பளவு நீரில் நிற்பதும் நீந்துவதும் கர்ப்பிணிக்குச் சுகமானவை. முதுகு வலிக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. ஆழ்கடல் முக்குளிப்பு முற்றிலும் கூடாது. மேலே வரும்போது இரத்தத்தில் உருவாகும் வாயுக் குமிழிகளைத் தாயின் நுரையீரல் வடிகட்டிவிடும். கருவின் நுரையீரல் இன்னும் வேலை செய்யத் தொடங்காததால் அந்தக் குமிழிகள் நேராக அதன் மூளைக்குப் போய்விடலாம். தலைக்கவசம் மாட்டிக் கடலடியில் நடக்கவைப்பதையும் இதோடு சேர்த்தே தவிருங்கள். ‘நீச்சல் தெரிய வேண்டியதில்லை, எல்லோரும் வரலாம்’ என்று அழைப்பார்கள், அந்த ‘எல்லோரில்’ நீங்கள் இல்லை. தண்ணீரில் சறுக்கும் மோட்டார் வண்டி, காற்றடைத்த வாழைப்பழப் படகு, பாராசூட்டில் இழுத்துச் செல்லுதல் எல்லாம் வயிற்றில் அடிபடும் விளையாட்டுகள்.

விரைவுப் படகு அலைமீது மோதும்போது முன்பகுதிதான் அதிகமாகத் தூக்கிப்போடும். பின்பகுதியில் நடுவே உட்காருங்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் உதவும்; மாத்திரை வேண்டுமானால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு ஆட்டத்தைத் தாங்குமா என்று முன்னதாகவே அறிய, ஏற்காட்டு மலைப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். 20ஆவது வளைவில் தலை சுற்றினால் அலைகடல் படகு உங்களுக்கு வேண்டாம்.

காகிதங்கள்

தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்), மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு நெகிழி உறையில் வைத்து, செல்பேசியிலும் படமெடுத்து வையுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இரத்தப்போக்கோ வயிற்றில் அடியோ ஏற்பட்டால் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பை உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும். சிறு தீவுகளில் அது கையிருப்பில் இருக்கும் என்று நம்ப முடியாது.

பயணக் காப்பீட்டை வரிவரியாகப் படியுங்கள். எங்களுக்கு விற்ற முகவர் ‘எல்லாமே கவர் ஆகும் மேடம்’ என்றார். பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் ‘கர்ப்பமும் அதன் விளைவுகளும்’ என்று சிறு எழுத்தில் இருந்ததை ரயிலில்தான் பார்த்தேன். பெரும்பாலான திட்டங்களில் இப்படித்தான் இருக்கும். கர்ப்பச் சிக்கல்களையும், பிறந்த குழந்தையின் சிகிச்சையையும், படகிலோ விமானத்திலோ மாற்றிக் கொண்டுபோகும் செலவையும் ஏற்பதாக எழுத்தில் இருந்தால் மட்டுமே பணம் கட்டுங்கள்.

அங்கே இருக்கும்போது இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், கண் மங்கலுடன் கூடிய தலைவலி, மேல்வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல், காய்ச்சல், அசைந்துகொண்டிருந்த குழந்தை அசையாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். படகு ஏற்பாட்டுக்கே நேரமாகும் என்பதால், மலைக்கிராமத்தில் செய்வதைப் போல, சந்தேகம் வந்ததுமே புறப்பட வேண்டும்.

திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்து இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ தடிப்போ மூட்டுவலியோ வந்தால் டெங்கு, சிக்குன்குனியா, ஜிக்கா என மூன்றையும் மனத்தில் வைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தமான் போய்வந்தவர்கள் சில மாதங்கள் கழித்து வரும் காய்ச்சலுக்கும் மலேரியாப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போது எந்தத் தீவில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதைத் தாய் சேய் அட்டையிலேயே எழுதிவைக்கக் கேளுங்கள். நான் போனபோது செவிலியர் எடை பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். கடல் கடந்து போனீர்களா என்று கேட்கவில்லை. நானாகச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார்.